எண்ணிப் பார்த்த நாற்பத்தேழு

அன்புள்ள செல்விக்கு,

இது இப்படித்தான் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது உன் மாமியார் நம் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் பார், அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த அம்மாள் ஒருநாள் கேட்பார், வாயால் கேட்டதோடு விடமாட்டார், எழுத்தில் கேட்பார் என்று அப்போதே உன் அம்மாவின் காதில் போட்டேன். "ஆமா, ஒலகத்துல நடக்கறது எல்லாத்தியும் நீதான் முன்னாலயே கண்டுகின" என்று சொல்லிவிட்டு அவள் காபி எடுக்கப் போய்விட்டாள். நான் சொல்லி மழை வந்த நாட்களையும் அவள் இப்படித்தான் கணக்கில் சேர்த்ததில்லை. போகட்டும். வயதாகிவிட்டது. சொன்னது பலித்தால்கூட இப்போதெல்லாம் சந்தோஷம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது.

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பாலுதான் தபால்காரரிடமிருந்து வாங்கி, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கோயில் பிரசாதம் மாதிரி கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, அக்கா" என்று உறையைத் தடவிக்கொண்டே நின்றான். அவன் எதிரில் படிக்க முடியாத கடிதமாக எழுதிவிட்டாயே மகளே. மூன்றாவது மாதம் நடக்கிறது என்ற நல்ல சேதியை ஒரு வரியில் முடித்துவிட்டாய். மீதிப் பக்கம் முழுக்க உன் மாமியார் சொன்னது. "அவ தம்பி மாதிரி ஒண்ணு பொறந்தா யாரு பாக்கறது? ரத்தத்துல இருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று சொல்கிறார். மாப்பிள்ளை கம்பி இழுக்கிற கம்பெனியில் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து எதுவும் பேசாமல் படுத்துவிடுகிறார். உனக்கு இருக்கிற ஒரே பிடிமானம் நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை. "நைனா, நீங்க மைக்ராஸ்கோப்புல எண்ணிப் பாத்தத ஒரு பேப்பர்ல எழுதி, காலேஜ் பேர் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்புங்க. அது வந்துட்டா அவுங்க வுட்டுருவாங்க" என்று எழுதியிருக்கிறாய். காகிதம் வந்தால் உன் வயிற்றில் இருப்பது தங்கும், வராவிட்டால் தங்காது. இவ்வளவுதான் விஷயம். ஐந்து நாளாக வெள்ளைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஆரம்பித்தால் காகிதம் வரவில்லை, கடிதம்தான் வருகிறது. சரி, கடிதமாகவே வரட்டும். நீ பொறுமையாகப் படி.

உன் நைனா எட்டாம் வகுப்புத் தேறாதவன் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மெட்ராஸில் ஒரு காலேஜில் விலங்கியல், தாவரவியல் இரண்டு லாபுக்கும் அட்டெண்டராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் என்பதை நீ மறந்துவிடக் கூடாது. காலை ஆறு மணி பாசஞ்சரைப் பிடித்துப் போய், எட்டரை மணிக்குள் வெங்காய வேரை வெட்டியாக வேண்டும். வாயகன்ற பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடி நனைகிற மாதிரி வாயில் உட்காரவைத்தால் மூன்று நாளில் வெள்ளை வேர் விடும். அந்த வேரின் நுனியில் மிளகில் பாதி அளவு இடத்தில்தான் செல் பிரிகிறது. அதுவும் காலையில் ஒரு நேரம்தான் நிறையப் பிரியும். வெயில் ஏறிவிட்டால் சோம்பேறியாகிவிடும். நுனியை வெட்டி, சிவப்புச் சாயத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்காமல் சூடுகாட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, பிளாட்டிங் பேப்பர் போட்டுக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. பக்கவாட்டில் மயிரிழை நகர்ந்தாலும் போச்சு, எல்லாம் கூழ். எம்.எஸ்ஸி. பையன்கள் பத்து வைத்தால் ஒன்பது கூழாகும். நான் வைத்தால் பத்தும் பேசும். பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர்கள்கூட, "அட்டெண்டர் வெச்ச ஸ்லைடா? அப்போ பாக்க வேண்டியதில்ல, மார்க் போடலாம்" என்பார்கள். ஒருவர் அப்படிச் சொன்னார். அதைப் பலர் என்று சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே பலர் என்றுதான் ஞாபகம்.

அந்தக் கண்ணாடிக்குள் என்ன தெரியும் என்று உனக்குச் சின்ன வயதில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னொருமுறை சொல்கிறேன், இந்தத் தடவை உன் மாமியாருக்கும் படித்துக் காட்டு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்பு நூல் துண்டு மாதிரி இழைகள் இருக்கும். குரோமோசோம் என்று பெயர். வெங்காயத்துக்குப் பதினாறு. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு இழையும் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்து ஒட்டிவைத்துக்கொள்ளும். பிறகு எல்லாம் நடுவில் வரிசையாக வந்து நிற்கும், இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத கயிறு கட்டி இழுத்தாற்போல் இணை இணையாகப் பிரியும். இழுபடும்போது இழை நடுவில் மடங்கி, நடுப்பகுதி முன்னே போக, இரண்டு முனைகளும் பின்னால் தொங்கும். பிடித்த கையை விடமாட்டேன் என்று இழுபட்டுப் போகிற குழந்தையின் கால்கள் மாதிரி. இந்தப் பக்கம் பதினாறு, அந்தப் பக்கம் பதினாறு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆனால் இதில் எதுவும் நகராது மகளே. சாயத்தில் போட்டதும் செல் செத்துவிட்டது. ஒன்று வரிசையில் நிற்கும்போது செத்திருக்கும், ஒன்று பிரிகிறபோது செத்திருக்கும். அவற்றை வரிசைப்படுத்தி சினிமா மாதிரி ஓட்டிப் பார்ப்பது நம் மூளைதான். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓட்டிப் பார்த்தவன் நான்.

பாலு பிறந்தபோது உனக்கு மூன்று வயது. அவன் கண்ணும், நாக்கை வெளியே வைத்துக்கொள்கிற விதமும், தூக்கினால் ஈரத் துணி மாதிரி கையில் வழிகிற உடம்பும் எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஒரு வருஷம் கழித்து மெட்ராஸ் டாக்டர் ஒருவர் சீட்டில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை எழுதிக் கொடுத்தார். அந்த வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனசில்லை. மூளை வளர்ச்சி குறைவாக இருக்கும், மருந்து கிடையாது என்றார். உன் அம்மா அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஆரம்பித்தாள். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, பாலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் குனிந்து அவள் வெல்லத்தைத் தண்ணீரில் விடும்போது, அவன் கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளப் பார்ப்பான். அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நிற்பாள்.

அவனுக்கு மூன்று வயது ஆகும்போது ஆர்.கே.பேட்டை அத்தை வந்தாள். எனக்கும் என் அண்ணனான உன் அப்பாவுக்கும் மூத்த அக்கா. வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்போடுதான் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து, உன் அம்மா அடுப்பங்கரையில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே, உன் அப்பாவிடம் சொன்னாள். "நம்ம வம்சத்துல இந்த மாதிரி ஒண்ணு கெடையாது. இது அவ வழியில வந்தது. இன்னொண்ணு பொறந்தாலும் இப்பிடித்தான் பொறக்கும். அவள அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒரு பொண்ண பாரு."

"இன்னாக்கா பேசற நீ?" என்றார் உன் அப்பா. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவர் நல்லவர். ஆனால் அக்கா எதிரில் அவருக்கு வார்த்தை வராது. இரண்டு நாள் போனால் சரி என்று சொல்லிவிடக்கூடிய முகம் அவருக்கு. எனக்கு அது தெரியும்.

"பொண்ணுக்குச் சோறு போட்டு வளத்துக்க, புள்ளய அவளே இட்டுகினு போவட்டும்" என்றாள் அத்தை. பொண்ணு என்றது உன்னை. நீ அப்போது அடுப்பங்கரை வாசலில் உன் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு இருக்கும் என்று தோன்றுகிறது.

மறுநாள் நான் லாபில் வேலை ஓடாமல் நின்றேன். எங்கள் விலங்கியல் துறையில் ஒரு பேராசிரியை இருந்தார். எல்லாரும் டாக்டர் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மனுஷனுக்கு இழை நாற்பத்தெட்டு என்று எங்கள் நூலகப் புத்தகத்தில் அச்சடித்திருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, நாற்பத்தாறு என்று தன் கையால் எழுதி வைத்தவர். "பெரியவங்க எண்ணுனதுதான். ஆனா தப்பா எண்ணிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல யாரும் திருப்பி எண்ணவே இல்ல" என்று சிரிப்பார். அவரிடம் பாலுவைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அந்தக் காலேஜில் அட்டெண்டரை உட்காரச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும். அவர் சொன்னதைக் கேட்டதும், எனக்கு அது ஏற்கெனவே தெரியும் போலத் தோன்றியது. நம் வீட்டில் நடந்ததுதானே என்று நினைத்தேன்.

உன் தாத்தா போனபிறகு உன் அப்பாவும் நானும் வீட்டைப் பிரித்துக்கொண்டோமே, அதைச் சொல்கிறேன். பாத்திரமெல்லாம் இரண்டு இரண்டாகத்தான் இருந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு ஜோடி பித்தளை டம்ளர் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு வரவில்லை. அத்தைதான் பங்கு பிரித்தவள். வெந்நீர் ஊற்றினாள், தரையில் தட்டினாள், கடைசியில் பேஜாராகி, "இந்தா நீயே வெச்சிக்க" என்று இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். அதனால் என் வீட்டில் ஒரு டம்ளர் அதிகம், அண்ணன் வீட்டில் ஒன்று குறைவு. யார் குற்றம்? டம்ளர் குற்றமா, பங்கு கேட்டவன் குற்றமா? பிள்ளை உண்டாவதற்கான முட்டை உருவாகும்போதும் இப்படித்தான் ஒரு பங்கு பிரிப்பு நடக்கிறது. இருபத்து மூன்று ஜோடியும் ஜோடியாக நின்று, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பிரியவேண்டும். ஏதோ ஒரு சின்ன ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குப் போய்விடுகிறது. அப்பா பக்கத்து ஒன்றும் வந்து சேர்ந்தால் அது மூன்றாகிவிடும். மொத்தம் நாற்பத்தேழு. பாலுவுக்கு நடந்தது அது. அம்மா சாப்பிட்டதால் அல்ல, பார்த்ததால் அல்ல, வம்சத்தால் அல்ல. பிரிகிற நேரத்தில் பிரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் அம்மா அதோடு நிறுத்தவில்லை. "சில பேருக்கு இன்னொரு மாதிரி இருக்கும்" என்றார். அதிகமான அந்த ஒன்று தனியாக நிற்காமல் வேறோர் இழையோடு ஒட்டிப் போயிருக்கும். எண்ணினால் நாற்பத்தாறுதான் வரும். டம்ளரைத் தவலையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்த மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படிப் பற்றவைத்தது அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்து வந்திருக்கலாம். அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள், அவர்கள் மூலம் அடுத்த பிள்ளைக்கும் வரலாம், கூடப் பிறந்தவர்களிடமும் அது தூங்கிக்கொண்டிருக்கலாம். "பெரும்பாலும் நாற்பத்தேழாத்தான் இருக்கும். இருந்தாலும் எண்ணிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லி, மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். குழந்தையையும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவேண்டும். ரத்தத்தை மூன்று நாள் வளர்த்துப் பிறகு எண்ணுவார்களாம்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அத்தை உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். உன் அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயம்தான் இந்திப் போராட்டம் நடந்து காலேஜை மூடிவிட்டார்கள். லாப் சாவி என் கையில். ரத்தம் எதற்கு, முடிக்கும்தான் வேர் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. வெங்காயத்து வேரில் பார்த்தவனுக்கு முடி வேரில் பார்க்கத் தெரியாதா? பாலுவை மடியில் உட்காரவைத்து உச்சியில் நாலு முடியை வேரோடு பிடுங்கினேன். "ஆ" என்று கத்தினான், பிறகு என் மீசையைப் பிடித்து அவனும் ஒன்று பிடுங்கிவிட்டுச் சிரித்தான். இங்க் பாட்டிலில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, முடியைப் போட்டு, மறுநாள் முதல் பாசஞ்சரில் போனேன். நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. தெருவெல்லாம் போலீஸ். ஒரு போலீஸ்காரர் பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்து, "இன்னாய்யா இது, பாமா?" என்றார். "அண்ணன் பையன் முடி சார்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். லாபில் நான் மட்டும்தான். சாயம் போட்டு, சூடுகாட்டி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. ஜன்னல் ஓரம் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் வாங்கி, காலையிலிருந்து வெயில் சாயும்வரை பார்த்தேன். துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி எண்ணினேன் என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னேன் இல்லையா, இரண்டு தடவை எண்ணினேன், தனியாக நின்ற அந்தச் சின்ன இழையைக்கூடப் பார்த்தேன் என்று.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றபடியே சொன்னேன். "நாப்பத்தேழு. மைக்ராஸ்கோப்புல எண்ணிட்டேன். ஒண்ணு தனியா நிக்கிது. யார் பக்கத்துலயும் வரல."

"இன்னாடா ஒளர்ற?" என்றாள் அத்தை.

"ஒளரலக்கா. நீ டம்ளர் பிரிச்ச இல்ல, அந்த மாதிரிதான் இதுவும். அன்னிக்குச் சிக்கிக்கினது யாரு வம்சத்து டம்ளரு?"

படித்தவர்கள் சொன்னால் அத்தை எதிர்த்துப் பேசியிருப்பாள். மைக்ராஸ்கோப் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினாள். உன் அப்பாவுக்கு அன்றுதான் தைரியம் வந்தது. டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். உன் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மெய்யாலுமா தம்பி, என்னால இல்லியா?" இல்லை அண்ணி என்றேன். அவள் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, மூன்று நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப்பிறகும் அவள் அமாவாசைக்கு வெல்லம் கரைத்தாள். ஆனால் பாலு கை நீட்டினால் ஒரு துண்டை அவன் வாயிலும் போட்டாள்.

ஐந்து வருஷத்தில் உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். நீ என்னை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாய். யாரும் சொல்லித் தரவில்லை. அவரை அப்பா என்று கூப்பிட்டவள், அந்த வார்த்தையை அவருக்கே வைத்துவிட்டு எனக்கு வேறொன்று எடுத்தாய். பிள்ளையில்லாத எனக்கு இரண்டு பிள்ளை. லாபில் மிஞ்சிய வெங்காயத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். பாலு அதைப் பழைய பாட்டில்களில் உட்காரவைத்து ஜன்னலில் அடுக்குவான். தினமும் தண்ணீர் ஊற்றுவான், ஒருநாள் தவறமாட்டான். "நைனா, பல்லு மொளச்சிச்சி" என்று கத்துவான். வேரை அவன் பல் என்றுதான் சொல்வான். இன்றைக்கும் ஜன்னலில் ஒன்பது பாட்டில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, அவன் இன்னும் பெறவில்லை.

நான் செய்த தப்பில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று பாலுவைச் சமையல்காரர்களோடு பின்பக்கம் உட்காரவைத்தவன் நான்தான். அம்மா அல்ல. புதுச் சட்டை போட்டுக்கொண்டு தாலி கட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று நின்றவனிடம், தேங்காய் எண்ணுகிற வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஆறுக்கு மேல் வராது, ஆறு வந்ததும் முதலிலிருந்து தொடங்குவான். உன் மாமியார் கேட்டபோது, சின்ன வயதில் காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளை என்று சொல்லிவைத்தேன். அந்தப் பொய்யைப் பொங்கலுக்கு இங்கே வந்தபோது அவர் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதனால்தான் இப்போது வாய்ப்பேச்சை நம்பாமல் காகிதம் கேட்கிறார். அவர்மேல் கோபப்படாதே. நம் அத்தை கேட்டது வேறு, இவர் கேட்பது வேறு. அத்தை யாரைக் குற்றம் சொல்லலாம் என்று கேட்டாள். இவர் பயந்துபோய்க் கேட்கிறார். பயந்தவர்களுக்குப் பதில் சொல்லலாம். நீ சமைத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு. மாப்பிள்ளையையும் எழுப்பி உட்காரவை. ஷிப்டு அலுப்பு என்று படுத்துவிட்டால் பின்னால் அவருக்கே அது முள்ளாகும். உன் அப்பா அன்றைக்குப் பேசாமல் இருந்ததை நினைத்து நினைத்துக் கடைசிவரை உன் அம்மா முகத்தை நேராகப் பார்க்காமலே இருந்தார். இதை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாலு மாதிரி ஒன்று பிறந்தால் யார் பார்ப்பது என்று உன் மாமியார் கேட்டதற்கு, நாங்கள் பார்த்தோம் என்பதுதான் பதில். கஷ்டம் இல்லை என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அவனுக்கு மூச்சு இரைக்கிற மாசி மாதங்களில் நானும் உன் அம்மாவும் மாற்றி மாற்றி நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறோம். எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற நினைப்பு சோற்றில் கல் மாதிரி தினம் ஒரு தடவை பல்லில் படும். கஷ்டம்தான். ஆனால் அது தெரிந்துகொண்டு செய்கிற முடிவாக இருக்கவேண்டும் மகளே. தெரியாத பயத்தில் ஒருபக்கமும் ஓடக்கூடாது, தெரியாத தைரியத்தில் இன்னொரு பக்கமும் ஓடக்கூடாது.

அதனால் நீ கேட்ட காகிதத்தை நான் அனுப்பவில்லை. இந்த உறைக்குள் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒரு பழைய கடிதம் இருக்கும். அதைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி. டாக்டர் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த கடிதம் அது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று அவர் காலேஜ் திறந்ததும் கேட்டார். வந்தோம் அம்மா என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். முந்தாநாள் முட்டிவலியோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பரிசோதனை இப்போதும் செய்கிறார்கள். உன் ரத்தம் ஒன்றே உனக்குப் போதும் என்றார்கள், பாலுவுடையதும் இருந்தால் நல்லது என்றார்கள். புதன்கிழமை காலை அவனை அழைத்துக்கொண்டு நான் சென்ட்ரலுக்கு வந்துவிடுகிறேன். நீ கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிற வண்டியில் மாப்பிள்ளையோடு வா. மாமியார் வந்தாலும் நல்லதுதான். வாசலில் நிற்கிறோம். முடிவு வரும்வரை யாரும் உன்னை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது, அதற்கு வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டு, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வெங்காய பாட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாலுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மொதல்ல அவளுக்கு எழுது" என்று மட்டும் சொன்னாள்.

எழுதிவிட்டேன். இதில் போலீஸ்காரர் பாம் என்று கேட்டதில் கொஞ்சம் கூட்டியிருப்பேன், பேராசிரியர்கள் எண்ணிக்கையில் நிறையக் கூட்டியிருக்கிறேன். டம்ளர் மெய், டிரங்குப் பெட்டி மெய், டாக்டர் அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மெய். பாலுவின் முடியைச் சாயத்தில் போட்டு அன்றைக்கு முழுக்க நான் பார்த்ததும் மெய்தான். அந்தக் கண்ணாடியில் தெரிந்தது சிவப்பாக ஒரு கறை, நடுவில் ஒரு காற்றுக் குமிழி. வேறெதுவும் இல்லை. நாற்பத்தேழு என்பதை நான் திரும்பி வரும்போது ரயிலில், செவ்வாப்பேட்டை தாண்டி, முடிவு செய்தேன்.

உன் நைனா